மலையனூர் மிக்ஸும் நான் அழித்த டேப்பும்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று ஒலிப்பதிவுத் தம்பிகள் மூன்று வருடமாகக் கேட்டுவருகிறார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவர் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவன் நான், எழுத்தெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவர்களில் ஒருவர் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ‘மலையனூர் மிக்ஸ்’ பிறந்த கதையாம். தொப்பி போட்ட ஒருவர் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். கல்யாண மண்டபம், கபடி மைதானம், ஆடி மாதக் கூழ் ஊற்றல், மினி பஸ் என்று இருபத்தைந்து வருடமாக அடித்துக்கொண்டிருக்கும் அந்த டான்ஸ் பாட்டின் வரலாற்றை ஏழே நிமிடத்தில் முடித்துவிட்டார். பாட்டு தொடங்கும்போது ஒரு பெண் குரல் நீளமாகக் கூப்பிடுமே, அது ஏதோ வெளிநாட்டு சிடியிலிருந்து உருவியதாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பாட்டைச் செய்தவன் நான். அந்தக் குரலைப் பதிந்தபோது பக்கத்தில் நின்றவன் நான். அதை அழித்தவனும் நானேதான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தொப்பிக்காரர் சொன்னதே சரித்திரமாகிவிடும்.

என் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருடம், மைக் செட்டில் ஒரு வருடம். பிறகு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், ஒரு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம். இடது காதில் ஓர் இரைச்சல் வந்து குடியேறி, போக மறுத்ததால் வேலையை விட்டேன். இப்போது மனைவியின் ஊரான திண்டிவனத்தில் இருக்கிறேன். அவ்வளவுதான்.

கூடத்தை நடத்தியவர் தேவசகாயம் சார். முதலாளியும் அவர்தான், தலைமை ஒலிப்பதிவாளரும் அவர்தான். இளவயதில் திண்டிவனத்தில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சுவரில் பைபிள் வசனக் காலண்டர், அதற்குப் பக்கத்தில் ரயில்வே டைம்டேபிள். எந்தப் பாட்டானாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பாடி முடித்தாக வேண்டும். கூட்ஸ் வண்டிக்கு மட்டும் நேரம் கிடையாதே, அதற்கு சார் காலில் செருப்பில்லாமல் நிற்பார். சத்தம் காதுக்கு வருவதற்குள் அவர் உள்ளங்காலுக்குத் தரையின் அதிர்வு வந்துவிடும். ஒரு விரலைத் தூக்குவார். பாடுகிறவர் நிறுத்திவிடுவார். வண்டி போன பிறகு விட்ட இடத்திலிருந்து எடுப்போம்.

செருப்பைக் கழற்றியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்களுக்குப் பாதி வேலை அங்காளம்மன் பாட்டுக் கேசட்டுகள்தான். “அவங்க சாமியப் பாட வந்திருக்காங்க. நான் செருப்போட நின்னா அவங்களுக்கு வாய் வராதுப்பா” என்பார். கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, பம்பைக்காரருக்குக் கற்பூரத் தட்டு எடுத்துக் கொடுப்பார். இதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

பாட வருகிறவர்களிடம் ‘பாடிக் காட்டுங்கள்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அவர்கள் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கின் அளவை வைத்துவிடுவார். “பாடிக் காட்டச் சொன்னா ஜனங்க பொய்க் குரல்ல பாடுவாங்க. சாப்பாட்டப் பத்திப் பேசறப்ப யாராலயும் நடிக்க முடியாது.” முப்பத்திரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தையில் பாதி இதுதான்.

கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் வளவனூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஐந்து பெண்களை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கூட்டிக்கொண்டு வந்தார். நடவு நடுகிறவர்கள். அவர்கள் பாட்டைக் கேசட்டாகப் போட வேண்டும் என்பது வாத்தியாருக்கு ஆசை. முன்பாட்டுப் பாடியவர் பெயர் அஞ்சலை. அப்போது முப்பது வயதுகூட இருக்காது. மெலிந்த உடம்பு, ஒட்டிய கன்னம், பேசினால் அறையே கொஞ்சம் தாழ்ந்துபோகிற மாதிரி கனத்த குரல். சார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, “பழைய சோறும் மல்லாட்டத் தொவையலும் சாமி. அது இல்லன்னா எனக்கு வாய் தொறக்காது” என்று சிரித்தார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

நின்றுகொண்டு பாடச் சொன்னோம். வரவில்லை. ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டு முனகினார்கள். வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. சார் தரையில் கோணிச் சாக்குகளை விரித்தார். மைக் ஸ்டாண்டுகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். “நடுங்கம்மா” என்றார்.

“நாத்து எங்க சாமி?”

“இருக்கற மாதிரி நெனச்சிக்கினு நடுங்க.”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தார்கள். குனிந்ததும் பாட்டு வந்துவிட்டது. இடது கையில் இல்லாத நாற்றுமுடி, வலது கை சாக்கைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது, வளையல் சத்தமே தாளம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்கள். நானும் சாரும் மைக்குகளைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு நகர்ந்தோம்.

அதில் ஒன்றை சார் கவனித்தார். ஒவ்வொரு பத்தி தொடங்கும்போதும் அஞ்சலை மட்டும் நிமிர்ந்து ஒரு கூப்பாடு போட்டார். சொல் எதுவும் கிடையாது. கழனியின் மறுகோடியில் நடுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, பாட்டில் சேர்ந்துகொள்வதற்கான அழைப்பு அது. உயரப் போய், கடைசியில் தண்ணீர் தளும்புவது போல ஓர் இறக்கம். “கூப்பிடறப்ப மட்டும் நிமிர்றாங்க பாரு. அதுக்குன்னு ஒரு மைக்க மேல கட்டு” என்றார் சார். கட்டினேன். எங்கள் மெஷினில் எட்டு ட்ராக். எட்டுக் குரலைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளும். மூன்றாவது ட்ராக்கில் அஞ்சலையின் கூப்பாடு மட்டும் தனியாகப் பதிவானது.

பதினோரு நிமிடம் பாடினார்கள். நடுவில் வண்டி ஏதும் வரவில்லை. முடிந்ததும் சார் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே டேப்பின் மேல் சிவப்புப் பென்சிலால் ‘நடவு – வளவனூர்’ என்று எழுதினார். எங்கள் கூடத்தில் நீலப் பென்சில் குறி இருந்தால் அந்த டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். சிவப்பென்றால் தொடக்கூடாது. வாத்தியாருக்குக் கேட்டுப் பார்க்க ஒரு கேசட்டில் அவசர நகல் எடுத்துக் கொடுத்தேன். சரியான மிக்ஸிங்கைப் பிறகு நிதானமாகச் செய்யலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சார் அவருடைய அக்காவின் ஆபரேஷனுக்காகத் திண்டிவனம் போயிருந்தார். முதல் தடவையாக சாவி என்னிடம். காலையில் கன்னியப்பன் வந்து நின்றார். ஆடல் பாடல் குழு நடத்துகிறவர், வாயில் எப்போதும் வெற்றிலை.

“அண்ணே, எனக்குப் பாட்டு வாணாம். அடி வேணும். நிக்காம அடிக்கணும். அமாவாசைக்கு மலையனூர்ப் பக்கம் புரோகிராம் கீது. நம்ம பசங்க ஆடறதப் பாத்து ஜனம் வாயப் பொளக்கணும். சாயங்காலத்துக்குள்ள ஜல்தியா முடிச்சிக் குடு.”

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சார் இல்லாமல் ஒரு வேலையைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று மூன்று வருடமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கேட்கவா வேண்டும்? டிரம் மெஷினில் உட்கார்ந்தேன். வெளிநாட்டு டான்ஸ் பாட்டுகளில் வருகிற தும் தும் என்ற அடியைக் கீழே போட்டேன். அதற்கு மேலே, அம்மன் கேசட்டுகளில் கேட்டுக் கேட்டுக் கைக்கு மனப்பாடமாகியிருந்த பம்பை அடியை மெஷின் சத்தத்திலேயே விரலால் தட்டி ஏற்றினேன். கீபோர்டில் ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம். கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியே பார்த்துவிட்டார்.

ஆனாலும் ஏதோ குறைந்தது. எத்தனை தடவை போட்டாலும் பாட்டு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று புரிந்தது. யாரும் கூப்பிடாமல் யார் ஆட வருவார்கள்?

அலமாரியைத் திறந்து சிவப்பு எழுத்து டேப்பை எடுத்தேன். மூன்றாவது ட்ராக். எங்களிடம் சாம்ப்ளர் என்று ஒரு பெட்டி இருந்தது. ஒரு துண்டு சத்தத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, கீபோர்டில் வைத்து வாசிக்கவிடும். அஞ்சலையின் முதல் கூப்பாட்டை அதில் ஏற்றினேன். என் வேகமான அடிக்கு அந்தக் கனத்த குரல் ஒட்டவில்லை. குமிழைத் திருகினேன். குரல் மேலே ஏறியது, கூடவே வேகமும் ஏறியது. இன்னும் திருகினேன். முப்பது வயதுப் பெண் பன்னிரண்டு வயதுப் பெண்ணாகி, கிளி போலக் கீச்சென்று கூப்பிட்டாள்.

“அதான்! அதான்ணே!” என்று கன்னியப்பன் கத்தினார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பதிய ஒரு டேப் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. நீலக் குறி போட்ட டேப் ஒன்றுகூட இல்லை. மெஷினுக்குள் இருந்தது ஒன்றுதான். வாத்தியாரிடம் நகல் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மெஷினில் பதிய ஒரே சமயத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். தெரியாமல் அழிந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருந்தார்கள். இரண்டு விரலால் அழுத்தினேன். என் பாட்டு ஒன்பதரை நிமிடம். அஞ்சலையின் பாட்டில் ஒன்றரை நிமிடமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் மீதி டேப்பையும் வெறுமையாக ஓட்டிச் சுத்தம் செய்துவிடுவது என் வழக்கம். அன்றைக்கும் ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சார் வந்தார். என் பாட்டை முழுக்கக் கேட்டார். விரல் மேசையில் தாளம் போட்டது. “நல்லா வந்திருக்குப்பா” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த மூச்சிலேயே, “அந்த நடவு டேப்ப எடு. இன்னைக்கு உக்காந்து மிக்ஸ் பண்ணிடலாம்” என்றார்.

சொன்னேன். வாத்தியாரிடம் நகல் இருக்கிறது என்பதையும் அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்தார். பாசஞ்சர் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது, அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “நாளைக்கி மொத பஸ்ல வளவனூர் போறோம்” என்று மட்டும் சொன்னார்.

முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். கேசட்டை யாரோ கேட்பதற்கு வாங்கிப்போய், மட்டமான டேப்ரெக்கார்டரில் சிக்கி அறுந்துவிட்டதாம். “அசல் உங்ககிட்ட இருக்குதேன்னு நான் கண்டுக்கல சார்” என்றார். நான் அவரை நம்பி அழித்தேன், அவர் என்னை நம்பித் தொலைத்தார்.

அஞ்சலை கரும்பு வயலில் சோகை உரித்துக்கொண்டிருந்தார். வரப்பில் அவருடைய சின்னப் பெண் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. சார் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, “அம்மா, உங்க பாட்டு எங்க தப்பால அழிஞ்சிபோச்சு. மன்னிச்சிக்கணும். இன்னொரு தடவ வந்து பாடித் தரணும்” என்றார். ‘எங்க தப்பு’ என்றாரே தவிர என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை.

அஞ்சலை சிரித்தார். “இதுக்கா சாமி இம்மாந்தூரம் பஸ் ஏறி வந்தீங்க? பாட்டு எங்க பூடும்? வாயிலதான கீது. நடவு முடியட்டும், அஞ்சு பேரும் வந்து பாடிட்டுப் போறோம்.”

என் தோள்பையில் வாக்மேன் இருந்தது. அதற்குள் என் பாட்டு இருந்தது. காதில் வைத்து, உங்கள் கூப்பாடுதான் இது என்று சொல்லியிருக்கலாம். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடவு முடிவதற்குள் அஞ்சலைக்கு மஞ்சள் காமாலை கண்டது. வேர் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. சாவுக்கு சார் மாலை வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் போக முகமில்லை.

அதற்குள் பாட்டு கிளம்பிவிட்டது. அமாவாசைக் கூட்டத்தில் அதைக் கேட்டவர்கள் கன்னியப்பனை விடவில்லை. மலையனூரில் போட்ட மிக்ஸ், மலையனூர் மிக்ஸ் என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. கேசட்டாகி, சிடியாகி, பென் டிரைவாகி, செல்போன் ரிங்டோனாகி ஓடியது. பெருமுக்கல் மலைக்குப் போனாலும் கீழே ஏதோ ஒரு வேனில் அது அடித்துக்கொண்டிருந்தது. வெவ்வேறு ஊர் டி.ஜே.க்கள் அதன்மேல் புது அடிகளைப் போட்டார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அந்தக் கூப்பாட்டை மட்டும் யாரும் தொடவில்லை. என் மகள் கல்யாணத்தில் அதைப் போட்டபோது நான் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய்விட்டேன். பாட்டைச் செய்தவன் நான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்த என் மனைவிக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஒரே ஒரு தடவை சார் அதைப் பற்றிப் பேசினார். அவர் கூடத்தை என்னிடம் விட்டுவிட்டு ஓய்வாகத் திண்டிவனம் வந்துவிட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டில் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற பஸ்ஸில் அந்தக் கூப்பாடு வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். “கொரல் அப்படியேதான் இருக்கு. வயசத்தான் கொறச்சிட்ட” என்றார். டீயைக் குடித்து முடித்தார். அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

எனக்கு ஊரெல்லாம் கேட்கிற அந்தப் பாட்டு வேண்டாம். அந்தப் பதினோரு நிமிடம் வேண்டும். வளையல் தாளம், சாக்கில் கை உரசும் சத்தம், நாலு பேர் முன்பாட்டைப் பிடித்து மடக்கும் அழகு, எல்லாவற்றையும் விட அந்தக் கனத்த குரல். ராகத்தை நினைவில் தேடினால் முதல் அடியோடு அறுந்துவிடுகிறது. அதற்கு மேல் என் பாட்டின் தும் தும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டேப்பில் நான் செய்ததை என் தலை எனக்கே செய்கிறது. காது நன்றாக இருந்த காலத்தில் எத்தனை வேலையற்ற மத்தியானங்களை இதில் கழித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

வீடியோ பார்த்த மறுவாரம் ஒரு போன் வந்தது. கட்டைக் குரலில், “சார், கன்னியப்பண்ணன் நம்பர் குடுத்தார்” என்றது.

“சொல்லுங்க தம்பி.”

“தம்பி இல்ல சார், பொம்பள. எல்லாரும் அப்டிதான் சொல்வாங்க. நான் செல்வி. வளவனூர் அஞ்சல பொண்ணு.”

வரப்பில் கரும்பு கடித்த குழந்தை. திண்டிவனத்திலேயே, விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து விற்கிற மல்லாட்டை கமிட்டியில் வேலையாம். எடை போடுகிற இடத்தில் நின்று விவசாயிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. மறுநாளே வீட்டுக்கு வந்தாள்.

“எங்க பச்சையம்மா சித்தி அம்மா கூட பாட வந்தவங்க சார். கல்யாணத்துல இந்தப் பாட்ட போட்டப்ப, இது உங்கம்மா கூப்பிடறதுடீன்னு அழுவுறாங்க. கடைசில ஒரு எறக்கம் வருதே, அது அம்மாவத் தவிர யாருக்கும் வராதாம். அம்மா மொகமே எனக்கு ஞாபகம் இல்ல சார். போட்டோ ஒண்ணு கீது, அதுவும் ரேஷன் கார்டுல தேஞ்சிபோனது. முழுப் பாட்டும் உங்ககிட்ட இருக்கும்னு கன்னியப்பண்ணன் சொன்னார். ஒரு தபா கேட்டாப் போதும்.”

இருபத்தைந்து வருடம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். ஒன்றையும் விடாமல் சொன்னேன். சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டே அழித்ததைச் சொன்னேன். வாக்மேனைப் பையிலேயே வைத்துக்கொண்டதையும் சொன்னேன்.

“ஒரு நிமிஷம்கூட இல்லியா சார்?”

“இல்லம்மா.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. “பரவால்ல சார். இருந்தாலும் எனக்கு ஒரு பேஜாருதான். பாட்டுல கேட்டா அம்மா அப்டியே எங்க அத்த பொண்ணுங்க மாதிரி கிளிக் குரல். எனக்குப் பாருங்க, ஆம்பளத் தொண்ட. நடவுக்குப் போறப்பகூட என்ன முன்பாட்டு பாட வுடமாட்டாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. அம்மாகிட்டேந்து எனக்கு ஒண்ணுமே வரல போலக்குது.”

“அது உங்கம்மா குரல் இல்லம்மா. நான் திருகின குரல்” என்றேன்.

“அப்ப நெஜக் குரல் எப்டி இருக்கும்?”

எவ்வளவு திருகினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. சும்மா குத்துமதிப்பாக இறக்கிக் காட்டலாம். அது சாருக்கும் அஞ்சலைக்கும் செய்கிற இன்னொரு துரோகம். உட்காரச் சொல்லிவிட்டு யோசித்தேன். அப்போதுதான் உறுமல் ஞாபகத்துக்கு வந்தது.

இது கொஞ்சம் தொழில் விஷயம். நம் நாட்டுக் கரண்ட் ஒரு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. எர்த் சரியில்லை என்றால் அந்தத் துடிப்பு மெல்லிய உறுமலாகப் பதிவில் ஏறிவிடும். அதைத் தடுக்க, எங்கள் மாடிப்படிக்குக் கீழே உப்பும் கரியும் போட்டு ஒரு எர்த் குழி தோண்டியிருந்தோம். தினமும் அதில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நடவுப் பெண்கள் வந்த அன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட பரபரப்பில் ஊற்ற மறந்தேன். சார் ஹெட்போனில் கண்டுபிடித்துவிட்டார். “உறுமுது. பரவால்ல, வண்டி வர்றதுக்குள்ள எடுத்துடலாம்” என்று பதியச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் ஊற்றவில்லை.

ஆக, அஞ்சலையின் கூப்பாட்டோடு ஓர் உறுமல் இருந்தது. நான் குரலைத் திருகி ஏற்றியபோது அதுவும் கூடவே ஏறியிருக்கும். பாட்டைப் பதிந்த அன்று ஏறியது வேறோர் உறுமல். அது தன் ஐம்பதிலேயே நிற்கும். இரண்டுக்கும் இருக்கிற தூரம்தான் நான் திருகிய தூரம்.

பீரோவிலிருந்து என் பாட்டின் முதல் காப்பி கேசட்டை எடுத்தேன். லேப்டாப்பில் ஏற்றினேன். பாட்டின் தொடக்கத்தில் அடி எதுவும் வருவதற்கு முன் கூப்பாடு மட்டும் தனியாக வரும். அந்த இடத்தைப் பெரிதாக்கி, மிகத் தாழ்ந்த சத்தங்களை மட்டும் வடித்தேன். என் காதை நம்ப முடியாது, திரையில் கண்ணால் தேடினேன். இரண்டு மெல்லிய கோடுகள். ஒன்று ஐம்பதில். இன்னொன்று அறுபத்தேழுக்குக் கொஞ்சம் கீழே. என் சோம்பேறித்தனம் அப்படியே பத்திரமாக இருந்தது. வாழ்க்கையில் எந்தத் தப்புக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மேல்கோடு ஐம்பதுக்கு வந்து சேரும்வரை இறக்கினேன். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் வைத்தேன். போட்டேன்.

அறை கொஞ்சம் தாழ்ந்தது. அதே குரல். முழங்கால் உயர மைக்குகளும் கோணிச் சாக்குகளும் சாரின் வெறுங்காலும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செல்வி அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். “சார், இது நான் கமிட்டில கூப்பிடற மாதிரியே கீது.”

“ஆமாம்மா.”

“இன்னொரு தபா போடுங்க.”

போட்டேன். ஐந்து நொடிதான் ஓடியது. குரல் உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கி, லேசாகத் தளும்பியதுமே கத்தியால் நறுக்கினாற்போல நின்றது.

“அப்புறம் சார்?”

“அவ்வளவுதாம்மா. அந்தப் பெட்டிக்குள்ள அவ்வளவுதான் எடம் இருந்தது. மீதிய நான் வெட்டிட்டேன்.”

“இன்னொரு தபா.”

மூன்றாவது தடவை ஓடியபோது அவள் எழுந்து நின்றாள். குரல் அறுந்த இடத்தில், ஒரு மூச்சுகூட இடைவெளி விடாமல், அவள் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் எது முடிந்தது, அவள் தொண்டையில் எது தொடங்கியது என்று முப்பத்திரண்டு வருடம் குரல்களை வெட்டி ஒட்டிய எனக்கே தெரியவில்லை. நடவு வயலில் வாய்க்குள்ளேயே பாடிப் பழகியது போலிருக்கிறது. இறக்கம் முழுசாக வந்தது. அது முடியும் என்று நான் நினைத்த இடத்தில் முடியவில்லை. ஜன்னலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஒரு கழனி நீளத்துக்குப் போனது.

எதிர்வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். கையை நெற்றியில் வைத்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

“யாருண்ணா அது கூப்ட்டது?”

“அஞ்சலை” என்றேன்.